செத்தவீட்டுக்குச் சொல்லி அனுப்புவதில்லை

அன்று விடிந்ததும் விடியாததுமாகத் தில்லையம்பலத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்த தமிழ்ப் பத்திரிகையில் நடுத்தாளைக் காணவில்லை.

ரொறன்ரோத் தமிழர் வாரப் பத்திரிகையை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். நாட்டுச் சண்டை, கனடா அரசியல், கோயில் திருவிழா எல்லாம் பிறகுதான். முதலில் மரண அறிவித்தல். யார் போனது, எந்த ஊர், யாருடைய மச்சான் என்று பார்த்த பிறகுதான் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்கும். அந்தத் தாளைத்தான் யாரோ உருவி எடுத்திருந்தார்கள்.

“எங்கை பிள்ளை நடுத்தாள்?”

மகள் கௌசி கோட்டுக்குள் கையை நுழைத்தபடி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “மீன் வெட்டேக்கை கீழை விரிச்சனானப்பா. அதிலை ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லையோ இருக்கோ எண்டு வாசிச்சவனெல்லோ சொல்லவேணும்!”

“ஓவர்டைம் இருக்கு, நானும் இவரும் போட்டு வாறம். நீங்கள் வெளியிலை வெளிக்கிடாதேங்கோ. வழுக்கும்.”

மருமகன் கிருபன் ஏற்கெனவே காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். கதவு சாத்தப்பட்டது. சனிக்கிழமையும் அதுவுமாக இரண்டு பேருக்கும் ஒரேநேரத்தில் என்ன ஓவர்டைம் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. மீனுக்குத் தாள் விரிக்க இந்த வீட்டில் வேறு குப்பைக் கடதாசியே இல்லையா என்பதுதான் அவருடைய ஆத்திரம்.

தில்லையம்பலத்தார் கிளிநொச்சியில் றோட்டு ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். மாரி வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று மதகு கட்டியவர். ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பகுதியில் மகளோடு வந்து இருந்த பிறகும் வீட்டு வாசல் பனியை அவர்தான் அள்ளுவார். கயிறு பிடித்ததுபோல் ஓரம் நேராக இருக்கும். போன மாரியில் ஒருநாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கை பொருந்திவிட்டது, ஆனால் கௌசியின் பயம் பொருந்தவில்லை. பனி விழத் தொடங்கினால் அவருக்கு வீட்டுக்காவல். பெற்ற மகளே தகப்பனைப் பாலர் வகுப்பில் சேர்த்துவிட்டாள் என்று அவர் போனில் பேசுபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கிருந்த ஒரே பெரிய சந்தோஷம் சனிக்கிழமைச் சீட்டாட்டம். அஜின்கோர்ட்டில் செல்வரட்ணத்தின் அப்பார்ட்மெண்டில் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். செல்வரட்ணமும் அவரும் எப்போதும் ஒரு கட்சி. எதிர்க்கட்சி யாராக இருந்தாலும் கடைசியில் சண்டை பிடிப்பது இவர்கள் இரண்டு பேரும்தான். நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்பிருந்து அதுவும் நின்றுபோயிற்று. செல்வரட்ணம் மொன்றியலில் மகன் வீட்டுக்குப் போயிருப்பதாகக் கௌசி சொன்னாள். போன் அடித்தால் எடுப்பாரில்லை. போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன் என்ன மனுசன் என்று தில்லையம்பலத்தாருக்கு அவர்மேலும் கோபம்.

தமிழ் வானொலிக்கென்று வாங்கிய பெட்டியைத் திருகினார். அதிலும் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். அது மூச்சுவிடவில்லை. பின்னால் பார்த்தால் வயரைக் காணவில்லை. தொலைக்காட்சியில் வெள்ளைக்காரி ஒருத்தி பனிப்புயலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஜனவரி. பனி அள்ள இராணுவத்தையே கூப்பிட்டிருந்தார்கள். ஆமி எதற்கெல்லாம் வரும் என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பனி அள்ளவும் வரும் என்பதை அவர் இந்த நாட்டில்தான் கண்டார். வேறு நாளென்றால் சிரித்திருப்பார். பத்திரிகையில் தாள் இல்லை, வானொலிக்கு வயர் இல்லை. தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் தணிக்கை நடக்கிறது என்று பட்டதும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

லோரன்ஸ் வீதியில் அருள்மலர் நடத்தும் பலசரக்குக் கடை இருந்தது. பத்திரிகைகள் வாசலிலேயே அடுக்கிக் கிடக்கும். அவர் குனிந்து ஒன்றை எடுப்பதற்குள் அருள்மலர் உள்ளேயிருந்து கேட்டாள்.

“என்ன அங்கிள், செல்வரட்ணம் அங்கிளின்ரை செத்தவீட்டுக்கு நீங்கள் போகேல்லையே? கௌசியக்கா இப்பத்தானே பூ வாங்கிக்கொண்டு போறா.”

தில்லையம்பலத்தார் பத்திரிகையை விரித்தார். நடுத்தாளில் செல்வரட்ணம் கோட்டும் சூட்டும் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்று காலை ஷெப்பேர்ட் வீதி மரணச்சடங்கு மண்டபத்தில் பார்வைக்கு வைத்து, மத்தியானம் தகனம் என்று போட்டிருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார்.

கலியாணவீட்டுக்கு வரச்சொல்லாமல் போகக்கூடாது. செத்தவீட்டுக்குச் சொல்வார்கள் என்று காத்திருக்கக்கூடாது. காதில் விழுந்த மாத்திரத்தில் எழும்பிப் போகவேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பகையாளிகூட வாசல் படலையில் வந்து நிற்பான். அதனால்தான் கௌசி அந்தத் தாளை எடுத்தாள். தெரிந்தால் தகப்பன் எந்தப் பனிக்கும் நிற்கமாட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தாளே! மூத்தவர்களுக்குச் செய்யும் மரியாதையா இது?

“நில்லுங்கோ அங்கிள், ஒரு டாக்ஸிக்கு அடிச்சுத் தாறன்,” என்றாள் அருள்மலர். அடித்துப் பார்த்தாள். இந்தப் பனிக்குள் இரண்டு மணித்தியாலமாவது செல்லும் என்றார்கள். அவர் பஸ் தரிப்புக்கு நடந்தார்.

வோர்டன் வீதி பஸ் வந்ததே அதிசயம். ஊர்ந்து ஊர்ந்து ஷெப்பேர்ட் வீதிச் சந்தியில் கொண்டுபோய் விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறினார். பாதி வழியில், சின்ன ஏற்றம் ஒன்றில், முன்னால் ஒரு லொறி குறுக்கே சறுக்கி நின்றது. பஸ்ஸும் நின்றுவிட்டது. ஓவசியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு றோட்டைப் பார்த்தார். உப்பை வாரிக் கொட்டியிருக்கிறான், ஏற்றத்துக்கு மணலல்லவா போடவேண்டும்! இவ்வளவு பெரிய பட்டணத்தில் இதைச் சொல்ல ஒருத்தனும் இல்லையா? தன் கீழ் வேலை செய்தவன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். திட்டி என்ன பயன், பஸ் அசையவில்லை. சாரதி கதவைத் திறக்க மாட்டேன் என்றான். தில்லையம்பலத்தார் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “மை ஃபிரெண்ட் இஸ் டெட்” என்றார். சாரதி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

நடைபாதை என்று ஒன்று அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை. முழங்கால்வரை புதைந்து புதைந்து நடந்தார். வழுக்கும் இடங்களில் வேலிகளைப் பிடித்துக்கொண்டார். முறிந்து பொருந்திய மணிக்கட்டு குளிரில் விண்விண்ணென்று வலித்தது. விழுந்தால் கௌசி சொன்னது சரியாகிவிடும் என்ற ஒரே வீம்பில் விழாமல் போனார். பிரேதப் பெட்டியை மூடிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அவரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஐயர் கிரியை முடித்துச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டி இன்னும் திறந்திருந்தது. முன்வரிசையில் கிருபன் அவரைக் கண்டு எழும்பினான். அவன் பக்கத்தில் கௌசி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் இருவரையும் தாண்டிப் போனார். செல்வரட்ணத்தின் மனைவி இராஜேஸ்வரி அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு குரலெடுத்து அழுதாள்.

“இப்பவோ அண்ணை வாறியள்? ஆஸ்பத்திரியிலை கிடந்த நேரமெல்லாம் உங்களைத்தானே கேட்டவர்!”

“ஆஸ்பத்திரியோ? எப்ப தொடக்கம்?”

“நத்தாருக்கு முன்னமே. உங்களுக்கும் சுகமில்லை, ஸ்னோவுக்கு வெளிக்கிடமாட்டியள் எண்டு கௌசி சொன்னது. நான் சொன்னாலும் இவர் நம்பினால்தானே. ‘உவன் வருவான் பாரும்’ எண்டுகொண்டே கிடந்தவர். கதவு திறக்கிற நேரமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தவர், அண்ணை.”

தில்லையம்பலத்தார் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்பா, போன வருசம் நீங்கள் விழுந்து கிடந்த கிடை…” கௌசிக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை. “நான் உங்கடை நல்லதுக்குத்தான்…”

“என்ரை நல்லதுக்கு!” அவருடைய குரல் மண்டபம் முழுவதும் கேட்டது. “நீ என்னைக் காப்பாத்தினாய், சரி. அவன் என்ன பாவம் செய்தவன்? அவனையேன் வாசலைப் பாக்க வைச்சனி?”

அவர் பெட்டியடிக்குப் போனார்.

எங்கள் பக்கத்தில் பிணத்தோடு பேசி அழுவது பெண்கள். ஆம்பிளைகள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். தில்லையம்பலத்தார் பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தார். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி கரைந்து விரிப்பில் ஊறியது.

“செல்வரட்ணம், எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையடா. நீ மொன்றியலிலை எண்டுதான் நான் நினைச்சது. சொல்லாமல் போட்டாய் எண்டு உன்னை ஏசிக்கொண்டு இருந்தனான். ஆஸ்பத்திரி எண்டு தெரிஞ்சிருந்தால் தவழ்ந்தெண்டாலும் வந்திருப்பனடா…”

மூடியைப் போட வந்த வெள்ளைக்காரன் இராஜேஸ்வரியைப் பார்த்தான். அவள் பொறு என்று கையைக் காட்டினாள். அவன் இரண்டடி பின்னுக்குப் போய்த் தலையைக் குனிந்து நின்றான். தில்லையம்பலத்தார் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.