இரண்டு விரல் இடம்

கத்திரி பேசாமல் முடி வெட்டுகிறான் என்று யாரோ சொன்னபோது நான் நம்பவில்லை. கத்திரி என்பது எங்கள் சலூன்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர்; இருபத்தாறு வருஷமாக அவனிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்தவன் நான். அவன் கையில் இருக்கிற கத்திரியைவிட வாய்தான் வேகம். ஒரு காதோரம் வெட்டி மறு காதுக்கு வருவதற்குள் யார் வீட்டில் குழாய் உடைந்தது, யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் வந்துவிடும். "வாயைக் கொஞ்சம் மூடுடா, காது போயிடப் போகுது" என்று நான் கத்தாத மாதம் கிடையாது. அந்த ஆள், மனைவி தவறிப்போன பிறகு ஐந்து மாதமாக, துணியைப் போர்த்துகிறான், வெட்டுகிறான், துணியை உதறுகிறான். அவ்வளவுதான். கழுத்தில் துணியைக் கட்டியதும் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்து "இறுக்கமா இருக்கா?" என்று கேட்பானே, அந்த ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அதுவும் பழக்கதோஷம்.

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது, "லிஃப்ட்" என்று கூப்பிட்டால் திரும்புவேன். எங்கள் வேலையில் பாடம் ஒன்றுதான்: கயிறு தளரக் கூடாது. இழுத்துக் கட்டு, நட்டை முடுக்கு, முடுக்கிய நட்டின் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடு. நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் துணி காயப்போடுகிற கொடிக்குக்கூட நான் அப்படிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

கத்திரியிடம் ஒரு கார் உண்டு. இரண்டே இரண்டு சீட்டு வைத்த ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும், ஏறி உட்காருவது என்பது கிடையாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். முடி வெட்டிக்கொள்ள வந்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது தார்ப்பாய்க்குள் கிடந்ததை இவன் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டான். நாற்பது வயதில். ஆசை இருந்ததே தவிர ஓட்ட வரவில்லை. கிளட்சை விட்டானென்றால் கார் தவளை மாதிரி இரண்டு குதி குதித்து நின்றுவிடும். ஓட்டியதெல்லாம் அவன் மனைவிதான். தபால் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து, சாயங்காலம் சீட்டை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு காரை எடுப்பாள். குள்ளமான பெண், முன்னால் தள்ளாவிட்டால் பெடலுக்குக் கால் எட்டாது. "ஓட்டுறது அவ டிபார்ட்மென்ட், பேசுறது என் டிபார்ட்மென்ட்" என்பான் இவன். பிள்ளை குட்டி இல்லை. ஆகவே இரண்டு சீட்டு அவர்களுக்குப் போதும்.

என்னை அவள் அண்ணே என்பாள்.

அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த காலையில் ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்களாம். இவன் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு தானே ஓட்டினான். ஆஸ்பத்திரி மேட்டுக்கு மேல் இருக்கிறது. மேட்டில் பாதியில் எஞ்சின் மட்டும் கத்தியது, கார் நகரவில்லை. ரொட்டி வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. அந்த நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இதை இவன் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னான், சவரக் கத்தியைத் துடைத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்தது போல.

அப்புறம் ஒரு நாள் போன். "கடை லீவு அன்னைக்கு வா. கிளட்ச் மாத்தணும்."

"வொர்க் ஷாப்புல விடேன்டா. நான் என்ன கார் மெக்கானிக்கா?"

"நீயும் நானும் பண்ணுவோம். எனக்குப் பார்க்கணும்."

எதைப் பார்க்கணும் என்று நான் கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் அவன் எதையாவது வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் போனேன்.

வீட்டை ஒட்டின கொட்டகை. கூரைத் தகரத்தில் ஓட்டை, ஓட்டை வழியாக வெயில். காரின் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. ஓட்டுகிறவர் சீட்டு இன்னும் முன்னால்தான் தள்ளிக் கிடந்தது. அன்றைக்கு அந்தச் சீட்டில்தான் முழங்காலை ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான், தள்ளி வைக்கக்கூடத் தோன்றவில்லை. இன்றைக்கும் தள்ளவில்லை. கியர் கம்பைக் கழற்றுவதற்காக அதற்குள்ளேயே உடம்பை மடக்கிக்கொண்டு நுழைந்தான்.

"சீட்டைத் தள்ளிக்கோடா, இடுப்பு ஒடியப் போகுது."

"இருக்கட்டும்."

பாட்டரி ஒயரைக் கழற்றினோம். ஜாக்கி வைத்துத் தூக்கி நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தோம். நான் மல்லாந்து அடியில் போனேன். முதல் வேலை, கிளட்ச் கேபிளைக் கழற்றுவது. துணியால் துடைத்தேன். அழுக்குக்குள்ளிருந்து மஞ்சள் கோடு எட்டிப் பார்த்தது. என் கோடு. அவள் போவதற்கு மூன்று மாதம் முன்னால், "அண்ணே, பெடல் லொடலொடங்குது, முதல்ல கொஞ்ச தூரம் ஒண்ணுமே பிடிக்கலை" என்று அவள் சொன்னபோது நான் முடுக்கிக் கொடுத்த நட்டு. கோடு துளிகூடப் பிரியவில்லை. பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"பாருடா, என் கை வேலை. அசைஞ்சிருக்கா பார்!" என்று அடியிலிருந்து கத்தினேன்.

அவன் அடுத்த ஸ்பேனரை அடியில் நீட்டினான்.

பின்சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கழற்றினோம். கியர்பாக்ஸைச் சுற்றி ஒன்பது போல்ட்டு. எட்டு வந்தது, ஒன்பதாவது உயிரை வாங்கியது. அதைத் திட்டி, அதைச் செய்தவனைத் திட்டி, கார் வாங்கினவனையும் நாலு வார்த்தை திட்டினேன். பழைய கத்திரியாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பான். இவன் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு குத்துக்கல் மாதிரி இருந்தான். கடைசியில் கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் வந்து உட்கார்ந்தபோது இரண்டு பேர் தோளும் கழன்றுவிட்டிருந்தது. ஆறு போல்ட்டு எடுத்ததும் கிளட்ச் பிளேட் என் நெஞ்சின் மேல் விழுந்தது.

கருகிப்போயிருந்தது. உராய்கிற பட்டை தேய்ந்து ரிவெட் தலை பல்லிளித்தது. அதை அழுத்துகிற பேரிங் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

கத்திரி அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியில் பிடரியைக் காட்டுவானே, அந்த மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு.

"லிஃப்ட்."

"என்ன?"

"இது ஒரு நாள்ல இப்படி ஆகுமா? அன்னைக்கு நான் கிளட்சை ஒழுங்கா விடத் தெரியாம, மேட்டுல போட்டு எரிச்சுட்டேனா?"

அப்போதுதான் விளங்கியது. இதைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். ஐந்து மாதமாக வாயை அடைத்துக்கொண்டிருந்தது இதுதான். தன் கால்தான் அவளைக் கொன்றது என்று ஒருவன் நினைத்துக்கொண்டு எப்படி அடுத்தவன் வீட்டுக் குழாயைப் பற்றிப் பேசுவான்?

"தெரியலைடா" என்றேன். அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாக.

அவன் டீ போட உள்ளே போனான். நான் கையைத் துடைத்துக்கொண்டு, புது கிளட்ச் வந்த பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். பெடலை மிதித்தால் முதல் இரண்டு விரல் அளவுக்கு ஒன்றுமே பிடிக்கக் கூடாது, சும்மா ஆட வேண்டும் என்று போட்டிருந்தது. கேபிளை முழுக்க இழுத்து வைத்தால் பேரிங் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும், பிளேட் சரியாகக் கவ்வாமல் வழுக்கும், சில மாதத்தில் எரிந்துவிடும். சமதரையில் சட்டென்று தெரியாது. மேடு ஏறும்போது கார் இழுக்காது.

மூன்று தடவை படித்தேன். எழுத்து மாறவில்லை.

அந்த லொடலொடப்பு இருக்க வேண்டிய லொடலொடப்பு. அதைத்தான் நான் லிஃப்ட் கயிறு மாதிரி ஒரு சொட்டு இடம் விடாமல் இழுத்து, முடுக்கி, ஜோராகக் கோடும் போட்டு அனுப்பினேன். "ஜம்முன்னு இருக்குண்ணே" என்று அவள் கையாட்டிவிட்டுப் போனாள்.

அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல இருந்தது. கத்திரி டீ கொண்டுவந்து வைத்தான், குடித்தேன், சர்க்கரை போட்டிருந்தானா என்று இப்போதும் தெரியாது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆமாம், ஒளித்து வைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் வேலை அதன் பாட்டுக்கு நடந்தது. புது பிளேட்டைச் சரியாக நடுவில் உட்கார வைக்க ஒரு உருண்டைக் கட்டை வேண்டும். கத்திரி துடைப்பக் கட்டையை ஒரு சாண் அறுத்து, சவரக் கத்தியால் சீவினான். சீவுவான், துளையில் விட்டுப் பார்ப்பான், மறுபடி ஒரு சீவல். தாடையில் சவரம் பண்ணுகிற அதே கை. கட்டை கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. வேறு நாளாக இருந்தால் அதைப் பற்றி ஒரு வாரம் பீற்றிக்கொண்டிருப்பான். நான் போல்ட்டுகளை முடுக்கினேன். கியர்பாக்ஸை ஏற்றினோம், ஒன்பதையும் போட்டோம். எல்லாம் முடிந்து கடைசியாகக் கேபிள் மிஞ்சியது.

அவன் சீட்டில் மடங்கி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தான். நான் அடியில் நட்டைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சத்தம் போடாமல் இரண்டு விரல் இடம் விட்டுவிட்டால் கதை முடிந்தது. அவனுக்கு எங்கே தெரியப் போகிறது?

மேலேயிருந்து குரல் வந்தது. "நல்லா டைட்டா வைடா. அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். லிஃப்ட் அண்ணன் கை வெச்ச மாதிரி வருமான்னு சொல்லிட்டே இருப்பா."

சொல்லாமல் இருந்தால் அவன் சாகிறவரை அந்த மேட்டிலேயே நிற்பான், என்னால்.

"கத்திரி, டைட்டா வைக்கக் கூடாதுடா."

"ஏன்?"

"டைட்டா வெச்சாத்தான் எரியும். நான்தான் டைட்டா வெச்சேன். அன்னைக்கு மேட்டுல நீ எரிக்கலை. அது மூணு மாசமா எரிஞ்சுட்டிருந்தது. நான் பண்ணினது. தாள்ல போட்டிருக்கு. சாகிறவரைக்கும் உன்கிட்டே சொல்லாம இருக்கலாமான்னு பார்த்தேன், முடியலை."

என் முகத்துக்கு நேரே கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து ஸ்டாண்டை உதைத்துத் தள்ளினால்கூட நியாயம்தான் என்று படுத்திருந்தேன்.

"அப்போ நான் ஒழுங்காத்தான் ஓட்டினேனா?" என்றான்.

"ஒழுங்காத்தான்டா ஓட்டினே. யார் ஓட்டியிருந்தாலும் ஏறியிருக்காது. அவளே ஓட்டியிருந்தாலும்."

மேலே டக்கென்று ஒரு சத்தம். சீட்டைப் பின்னால் தள்ளியிருக்கிறான். அதற்கப்புறம் அவன் அழுதது கேட்டது. சின்னப் பிள்ளை மாதிரி, வெட்கமில்லாமல், வாய்விட்டு. நான் அடியில் படுத்துக்கொண்டு நட்டைத் திருப்பினேன். "மிதி" என்றேன், மிதித்தான். "விடு" என்றேன், விட்டான். அழுதுகொண்டேதான் செய்தான். இரண்டு விரல் இடம் வைத்தேன். பெயிண்ட் டப்பா என் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போடா" என்றான். கோபமா, சும்மா சொன்னானா, தெரியவில்லை. போனேன்.

இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. முடி காதை மூடியது. "என்ன கோலம் இது, போய் வெட்டிட்டு வாங்க" என்று மனைவி தினம் ஒரு பாட்டு பாடினாள். வேலையில் மஞ்சள் கோடு போடும்போதெல்லாம் கை அப்படியே நின்றுவிடும், கூட இருப்பவர் "என்ன சார், பெயிண்ட் காஞ்சுபோச்சா?" என்பார். கத்திரி மறுபடி பேச ஆரம்பித்துவிட்டானாம், தாங்க முடியவில்லையாம், சொன்னார்கள். காரைத் தானே ஓட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போகிறானாம். நல்லது என்றேன். எனக்குத்தான் எதிலும் ருசி இல்லை.

ஒரு காலையில் கால் தானாகப் போய்க் கடை வாசலில் நின்றது. உள்ளே யாருக்கோ சவரம் செய்துகொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பேச்சு நின்றது. அந்த ஆளை அனுப்பிவிட்டு, நாற்காலியைத் துணியால் இரண்டு தட்டு தட்டினான். உட்கார்ந்தேன்.

துணியைப் போர்த்தி, பின்னால் முடிச்சுப் போட்டான். என் கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் அவன் இரண்டு விரல் நுழைந்தது. உடனே எடுக்கவில்லை.

"இறுக்கமா இருக்கா?" என்றான்.

"இல்லை" என்றேன்.

"இருந்தா சொல்லு" என்றான். கத்திரியை எடுத்து வெட்ட ஆரம்பித்தான்.