கடைசிக் கோட்டின் அகலம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அட்டவணை அக்கா என்று பெயர். தரையிலிருந்து மேலே கிளம்பும் வெப்பத்தை நீராவி எந்தெந்த அலைநீளத்தில் விழுங்குகிறது என்று சொல்லும் பெரிய அட்டவணை எங்களிடம் உண்டு. விழுங்கும் அலைநீளம் ஒவ்வொன்றும் ஒரு கோடு. அதன் அகலத்தை ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், அளந்ததா ஊகமா என்று பக்கத்தில் ஓர் இலக்கம் இருக்கும். அந்த இலக்கங்கள் அக்காவின் பொறுப்பு. ஊகத்தை அளவீடு என்று எழுதி வருபவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

அதில் சில கோடுகள் அவருடைய கணவர் அளந்தவை. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் கடைசியாக எழுதிய கோட்டில்தான் வினை. நாங்கள் கணக்கிட்ட வெப்பத்தைச் செயற்கைக்கோள் பார்த்த வெப்பத்திலிருந்து கழித்தால் மிச்சம் வரைபடத்தில் தட்டையாக வர வேண்டும். அந்தக் கோடு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. செயற்கைக்கோள் பார்த்தது கடலானாலும் பாலைவனமானாலும் அது அங்கேயே நின்றது. அதைக் கண்டாலே அக்கா திரையை அணைத்துவிடுவார்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் கணவரின் நோட்டை அந்தக் கோடு இருந்த பக்கத்தில் திறந்து என் முன் வைத்தார்.

“தேதியைப் பாரு. அன்னிக்கு அவரு ஆஸ்பத்திரில படுத்திருந்தாரு. நான் பக்கத்துலயே இருந்தேன். எப்படி அளந்திருப்பாரு?”

“தேதியைத் தப்பா எழுதியிருக்கலாமேக்கா.”

“அவரா? ஊறுகாய் பாட்டில்லகூட தேதி போடுற மனுஷன்!”

அன்றே இலக்கத்தை ஊகம் என்று மாற்றினார். அதன்பின் அவருக்கு நிம்மதி போய்விட்டது. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுக் கருவியின் பம்பு நின்றால் சட்டென்று வாசலைப் பார்ப்பார்; அளந்து முடித்ததும் அதை அணைத்துவிட்டு வருவது கணவரின் வழக்கம். “செத்தவரைப் பொய்யராக்கிட்டேன்டா” என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, நானும் வாசலைப் பார்த்தேன்.

நான்கு மாதம் கழித்து வேறொரு ஆய்வுக்கூடம் அதே கோட்டைப் புதிதாக அளந்து அனுப்பியது. அச்சு அசலாக அவர் எழுதிய அதே எண். மேட்டுக்குக் காரணம் பக்கத்துக் கோடு. அது வேறு யாரோ அளந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. “அப்போ அளந்திருக்காருக்கா! அன்னிக்கு முழுக்க நீங்க முழிச்சா இருந்தீங்க?”

அக்கா மறுபடி நோட்டின் தேதியைப் பார்த்தார்.

“மத்தியானம் கொஞ்சம் அசந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. கண்ணு முழிச்சப்ப, இந்தப் பக்கம் இருந்த அவரு செருப்பு கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிடந்துச்சு.”

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடம் இரண்டே பஸ் நிறுத்தம். ஆனால் ஊகமும் சில நேரம் பலிக்கும்.

“அளந்ததுன்னு மாத்திடவாக்கா?”

“நீ பாத்தியா?”

“இல்ல.”

“நானும் பாக்கல.”

அளவீடு, ஊகம் இரண்டும் இல்லாததற்கு அட்டவணையில் பூஜ்யம் உண்டு. தெரியாது என்று அர்த்தம். அக்கா அதைத் தன் கையாலேயே போட்டார்.

“முப்பது வருஷம் அவரு கூட வாழ்ந்தேன்” என்றார்.