அரிப்புக்குப் போட்ட சொட்டு மருந்து

"சொந்தக் கண்ணே எப்பவும் செவந்து கெடக்கு. இவ ஊரார் கண்ணை நோக்கப் போறாளாம்!"

கண் மருத்துவ மேற்படிப்பில் எனக்கு இடம் கிடைத்த அன்று, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பெரியம்மா சொன்னது இது. அவரும் அம்மாவும் கொச்சங்காடியில் ஒரே சுக்குக் கிடங்கில் வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பொறாமைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கண் அரித்தது. பையிலிருந்த சொட்டு மருந்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

சுக்குத் தூசியில் வளர்ந்தவளுக்கு அரிப்பு புதிதல்ல. பள்ளி நாட்களில் ஒரு மருத்துவர், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த மருந்து அது. போட்டால் அரிப்பும் சிவப்பும் உடனே அடங்கும். பிறகு சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கொடுத்தார்கள். கல்லூரிக் காலம் முழுவதும் அது என்னோடு வந்தது.

அதில் இருந்தது ஸ்டீராய்டு (வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும் மருந்து). நெடுநாள் போட்டால் கண் அழுத்தம் ஏறும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த வரியை என் பையிலிருந்த குப்பியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மேற்படிப்பின் தொடக்கத்தில் நாங்கள் ஒருவர் கண்ணில் ஒருவர்தான் பழகினோம். கண் அழுத்தம் (கண்ணுக்குள் ஊறும் நீர் உள்ளிருந்து தரும் அழுத்தம்) அளக்க, மரத்துப்போக மருந்து விட்டு, கருவியின் முனையைக் கருவிழியில் மெல்லத் தொட வேண்டும். அளப்பவருக்கு நீல ஒளியில் இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்வரை குமிழைத் திருக வேண்டும்; எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு அழுத்தம். என் தோழி ஷஹனா திருகிக்கொண்டே இருந்தாள்.

"எடீ மாரி, இந்த மிஷின் கேடு. வா, அடுத்ததுல நோக்கலாம்."

அடுத்த கருவியிலும் அப்படித்தான். அவள் சிரிப்பு நின்றது. "நீ கண்ணுல என்ன போடறே?"

குப்பியைக் கொடுத்தேன். பெயரைப் படித்தவள் அதைத் திருப்பித் தரவில்லை.

பார்வைப் பரப்புச் சோதனை (நேராகப் பார்த்தபடி சுற்றிலும் மினுங்கும் ஒளிப்புள்ளிகளுக்குப் பொத்தானை அழுத்துவது) செய்தார்கள். நோயாளிகளிடம் "அசையாமப் பாருங்க" என்று நான் சொல்லும் அதே நாற்காலி. இடது கண் பார்வையில் மூக்குப் பக்கத்து மேல்பகுதி போயிருந்தது. அங்கே இருட்டாகத் தெரியும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. இல்லாமல் போனது தெரிவதே இல்லை.

கிளாக்கோமா (அழுத்தத்தால் பார்வை நரம்பு தேயும் நோய்). எங்கள் துறைத் தலைவி ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"போனது வராது, மாரி. நடுப்பார்வை நல்லா இருக்கு. அழுத்தம் அடங்கி நின்னா நீ அறுவை செய்யலாம். நிக்கலைன்னா வேற யோசிக்கணும்."

வீட்டில் சொல்லவில்லை. பெரியம்மாவின் பேச்சு பலித்துவிட்டது என்று கிடங்கு முழுவதும் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. ஷஹனாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பழைய மருந்தை நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் சொட்டுகள் போட்டதில் வலது கண் அடங்கியது. இடது கண் அடங்கவில்லை. மேலிமைக்கு அடியில் நீர் வெளியேறச் சிறு வழி திறக்கும் அறுவை தேவைப்பட்டது. அப்போதுதான் அம்மாவை வரவழைத்தேன்.

அறுவைக்கு மறுநாள் கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன். கட்டிலருகே இருந்த அம்மா கண்ணைக் கசக்கினார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு குப்பியை எடுத்தார். அதே மருந்து.

"அம்மா! இதை யாரு தந்தா?"

"யாரு தரணும்? கெடங்குல நாங்க எல்லாரும் இதுதானே போடறோம். டாக்டருக்குப் படிக்கிற மக போடறதுன்னு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். உன் பெரியம்மா தெனம் ரெண்டு வேளை போடறா."

என்னைக் கேலி செய்த அதே பெரியம்மா. நான் போடுவதை நம்பித்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மாவின் அழுத்தத்தை அன்றே ஷஹனா அளந்தாள். எல்லைக்குள்தான் இருந்தது. மற்றவர்களுக்கும் அப்படியே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் நிறுத்த வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் என் கண்ணில் இருந்தது.

உங்கள் பையிலும் இப்படி ஒரு குப்பி இருந்தால் இன்றே ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வை நன்றாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

கட்டுப் பிரித்துச் சில வாரங்கள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் போனேன். முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும் என்றதும் சிலர் சோற்றுப் பாத்திரத்தோடு எழுந்து வந்தார்கள். மேலிமையைத் தூக்கி, அறுவை செய்த இடத்தைக் காட்டினேன். பார்வைப் பரப்பில் ஒரு பகுதி எப்படிப் போனது என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா மட்டும் கேட்டார்:

"அப்ப அன்னைக்கு நான் சொன்னது சரிதானே?"

"சரிதான் பெரியம்மா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

இப்போது என் நாள் அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்தில் தொடங்கி அதே சொட்டு மருந்தில் முடிகிறது. கண் அரித்தால் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். அறுவை செய்த கண்ணை இனி ஒருபோதும் கசக்கக் கூடாது. இடது கண்ணை ஏதோ ததும்பும் பாத்திரம்போல் சுமந்து நடக்கிறேன். அழுத்தம் இதுவரை அடங்கி நிற்கிறது. அடுத்த சோதனையிலும் நிற்குமா என்பது தெரியாது. அறுவை அரங்கில் என் இடம் அதைப் பொறுத்தது.

பெரியம்மா வந்தார். கருவியின் முன் மோவாயை வைக்கச் சொன்னேன்.

"வெளக்கைப் பாக்காதீங்க, பெரியம்மா. என் காதைப் பாருங்க."

"ஒரு கம்மல்கூட இல்லாத காதுல என்னத்தைப் பாக்க?"

"அசையாதீங்க."

நீல ஒளியில் பச்சை அரைவட்டங்கள் தெரிந்தன. இன்னும் தள்ளித்தான் நின்றன. குமிழைத் திருகினேன்.