தறிச் சத்தத்துக்கு மேலே என் குரல்

ஆந்திர எல்லையிலிருக்கும் நகரியில் தறிக்கொட்டகை வைத்திருப்பவள் மெதுவாகப் பேசினால் பிழைப்பு ஓடாது. விசைத்தறி ஓடும்போது அந்தக் கோடியில் இழை அறுந்தது என்று சொல்ல, தொண்டை கிழியக் கத்த வேண்டும். அப்படியே பழகி, பஸ்ஸிலும் கத்துவேன், கோயிலிலும் கத்துவேன். "உங்க அக்காவுக்கு மைக்கு செட்டே வேணாம்" என்று என் வீட்டுக்காரர் என் தங்கையிடம் கேலி செய்வார்.

அந்தத் தங்கைக்குக் கழுத்தில் கட்டி என்று திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். என் மணிக்கட்டில் புத்தூர்க் கட்டு. தண்ணீர் பக்கெட்டைத் தூக்கியதில் எலும்பு முறிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் புத்தூர்தான். ஏன் முறிந்தது என்று யார் யோசிக்கிறார்கள்? உடம்பெல்லாம் குடைச்சல் என்றதற்கு வந்தவர் போனவரெல்லாம், "கேவுரு களி துன்னு" என்றார்கள். கேழ்வரகு எலும்புக்குச் சத்தாம். தின்றேன்.

கழுத்து ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா, தங்கையிடம் தெலுங்கு கலந்து "பயம் லேதும்மா" என்று சொல்லிவிட்டு என் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு என் கழுத்திலிருந்த பழைய தழும்பைப் பார்த்தார்.

"கீழ விழுந்தீங்களா?"

"இல்லிங்க, பக்கெட் தூக்கினேன்."

"பக்கெட்டுக்கெல்லாம் எலும்பு ஒடையாதும்மா. இந்த ஆபரேஷன் எதுக்குப் பண்ணாங்க?"

சொன்னேன். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல நான்கு சுரப்பிகள் இருக்குமாம். அதில் ஒன்று வீங்கி, எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் விட்டது. பல வருஷம் முன்பு வேறு ஊரில் அதை எடுத்தார்கள். விட்டது சனி என்றிருந்தேன். ரத்தம் பார்த்தால், இன்னொன்று கிளம்பியிருக்கிறது. துணைக்குப் போனவளைப் பார்த்தே கண்டுபிடித்தார், மகராசி.

"அப்ப வெட்டிப் போடுங்க" என்றேன். ஸ்கேன் எடுத்தும் அந்தச் சுரப்பி எங்கே என்று தெரியாததால் அவர் சம்மதிக்கவில்லை.

"ஒரு தடவ தொறந்த கழுத்தும்மா, உள்ள எல்லாம் ஒட்டிக்கினு இருக்கும். பக்கத்துலயே குரல் நரம்பு போவுது. தேடிக்கினே வெட்டுனா குரலே போயிடலாம். எடம் தெரியாம கை வெக்க மாட்டேன்."

குரல் இல்லாமல் நான் கொட்டகையில் என்ன செய்வேன்? வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்துக் காக்க வைத்தார். வேறு வகை ஸ்கேனுக்கு அனுப்பினார். இன்னுமா என்று சண்டைகூடப் போட்டேன். சிரித்துக்கொண்டே தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். கடைசியில் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்ததைப் பிடித்தார். ஆபரேஷனில் அதை எடுத்ததும் தையல் போடவில்லையாம். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, அந்தச் சுரப்பிநீர் இறங்கியது என்று பதில் வந்த பிறகே மூடினாராம். அப்படியொரு பொறுமை என் வம்சத்திலேயே கிடையாது.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் காலை டாக்டரம்மா வந்து, பேசுங்கள் என்றார். குரல் போயிருந்தால் என்ற பயத்தில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். "சரி, உங்க வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க."

அவர் எடுத்ததும், பழக்கதோஷம், உயிரைக் கொடுத்துக் கத்தினேன். "இன்னாங்க, கேக்குதா?" கரகரப்புதான். ஆனாலும் வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மே கத்தற? தறி ஓடல. உன் கொரலு எப்பிடி வருதுன்னு கேக்கணும்னு எல்லாத்தையும் நிறுத்திட்டு, விடிஞ்சதுலேர்ந்து போன கையில வெச்சிக்கினு ஒக்காந்து கீறேன்."

எங்கள் கல்யாணத்துக்கு மறுநாளே தறி ஓட்டப் போன மனுஷன். எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. டாக்டரம்மா பதறிப்போய் என் கழுத்தைப் பார்க்கக் குனிந்தார்.