ஜாக்கெட் என்னுடையது, பழி மீன்கூடைக்கு

பைக் சர்வீஸில் இருப்பதால் இன்று பாகூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். மடியில் ஒரு பை. உள்ளே நண்பன் இரவல் கேட்ட என் பழைய ரைடிங் ஜாக்கெட். போன மாதம் மழையில் நனைந்ததை அப்படியே சுருட்டி வைத்திருந்தேன். எடுக்கும்போது திறந்துகூடப் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பியதும் குப்பென்று நாற்றம். பக்கத்தில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் அக்கா ஒருவர். காலடியில் அவர் கூடை.

கண்டக்டரிடம் கத்தினேன். "இன்னாண்ணா, இந்த நாத்தத்துல எப்படி ஒக்கார்றது? மொதல்ல கூடைய எறக்குங்க."

அவரும், "யம்மா, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்க" என்றார்.

அக்கா எழவில்லை. கூடையைத் தூக்கி என் மூக்கருகே நீட்டினார். கழுவிக் காயவைத்த கூடை. சோப்பு வாசம்தான் வந்தது.

"இப்ப உன் பையத் தெறப்பா."

திறந்தேன். ஜாக்கெட் முழுக்கப் பச்சைப் பூஞ்சை. பின்சீட்டுக்காரர் தும்மினார்.

"இப்ப யாருப்பா எறங்கணும்?"

மன்னிப்புகூடக் கேட்காமல் பையை மூடினேன். அடுத்த ஸ்டாப்பில் நானே இறங்கி நடந்தேன்.

இத்தனைக்கும் கம்பெனியில் கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

பூஞ்சை போக வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கும் அதே பஸ்தான். அந்த அக்காவிடம் என்ன சொல்வது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.