ஏழாம் எண் படம்

அந்த வருஷம் தை மாசத்தில் எங்கள் தெரு வங்காளிக் கிளப்புப் பையன்கள் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். லேக் மார்க்கெட்டைச் சுற்றி இருக்கிற புடவைக் கடை, தையல் கடை, சந்தேஷ் மிட்டாய்க் கடை, மருந்துக் கடை, மூலையில் இருந்த இரண்டு சின்னப் படக் காலரிகள் எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்துக்காரர்கள் வரைந்த படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுவது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் உண்டு. ஜனங்கள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றாம் எண்ணில் ஆரம்பித்துக் கடை கடையாக நடந்து பார்க்க வேண்டியது. துர்கா பூஜையில் பந்தல் பந்தலாகப் போவார்களே, அந்த மாதிரிதான், சாமி மட்டும் இல்லை.

தமிழர் வீட்டுப் பெண்கள் கடை வாசல்களில் கோலம் போட்டால் நன்றாக இருக்கும் என்று பையன்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் ஈஸிசேரிலிருந்தே, "போடேன். அந்த ஹோமியோபதி டாக்டர் வாசல் அகலமா இருக்கு, அங்க போடு" என்றார். அவர் இப்படி எதிலும் தலையிடுகிறவர் இல்லை. அன்றைக்கு ஏதோ நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சந்தோஷப்பட அப்போது வேறொன்றும் இல்லை. பூஜை லீவு முடிந்ததிலிருந்து அவர் சரியாகப் பேசவில்லை. டல்ஹவுசியில் ஒரு வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தவர். ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவார், ஆறு மணிக்குத் திரும்புவார். அதில் ஒரு நாளும் மாற்றமில்லை. முகம் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. டிராமில் கூட்டம், நடந்து வருகிறேன் என்றார். செருப்பில் புல் ஒட்டிக்கொண்டு வரும். டிபன் பாத்திரம் கழுவித் துடைத்தே வரும். ஆபீஸில் இப்போது நல்ல குழாய் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ கம்பெனிகள் பம்பாய்க்கு மூட்டை கட்டின காலம் அது. இவர் வேலைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று ஒவ்வொரு கிருத்திகைக்கும் உபவாசம் இருந்தேன். வரவில்லை என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முருகனுக்கு நன்றியும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கே மாவுக் கிண்ணத்தோடு போனேன். கூட்டம் நாலு மணிக்கு மேல்தான் வரும். பத்து ஊடுபுள்ளி வைத்துப் பெரிய கோலமாகப் போட்டு முடித்து, கை கழுவத் தண்ணீர் கேட்க உள்ளே போனேன். அந்த டாக்டரிடம் நாங்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டதில்லை. வயசானவர், மேஜைக்குப் பின்னால் தினசரி படித்துக்கொண்டிருந்தார். சின்ன அறை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி அலமாரி. மறுபக்கச் சுவரில் ஒரே ஒரு படம், கீழே ஏழு என்று எழுதின அட்டை.

லேக் கரையில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு ஆள் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல உச்சி வெயில். மடியில் டிபன் பாத்திரம் திறந்திருக்கிறது, ஆனால் சாப்பிடவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெற்றியில் விபூதி. பக்கத்தில் நீலத் துணிப்பை, அதன் கைப்பிடியில் பச்சைத் துணி வைத்துத் தைத்த ஒட்டு. அந்த ஒட்டை நான்தான் தைத்தேன்.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. இவரை எதற்கு வரைந்தார்கள் என்றுதான் தோன்றியது. அடியில் வங்காளியில் இருந்ததை டாக்டரே படித்துச் சொன்னார். மத்ராஜி பாபுவின் மத்தியான வேளை என்று அர்த்தம். நான் உற்றுப் பார்த்ததில் அவருக்குப் பெருமை. அசலாக இருக்கிறது, தான் காலையில் பத்து மணிக்கு நடக்கப் போனாலும் சரி, மத்தியானம் அந்தப் பக்கம் போனாலும் சரி, பூஜைக்கு அப்புறம் இந்த மனுஷர் தினமும் அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறார் என்றார். பிறகு, "பாவம், வீடு வாசல் இல்லை போலிருக்கிறது" என்றும் சொன்னார்.

மாவுக் கையோடு அப்படியே நின்றேன். மாவு கையிலேயே காய ஆரம்பித்தது. செருப்புப் புல், கழுவின பாத்திரம், கறுத்த முகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒன்றாந்தேதி தவறாமல் சம்பளம் என்று கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாரே, அது எங்கிருந்து வந்தது? பிராவிடண்ட் ஃபண்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார் என்று பின்னால் தெரிந்தது.

அழுவதற்குக்கூட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்து எங்கள் ஜனங்கள் எல்லோரும் ஆறு மணிக்குச் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. மாடி வீட்டு மாமி வருவாள். அவள் வீட்டுக்காரர் பேங்க் ஆபீஸர், இவரோடு பதினைந்து வருஷமாக முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர். இவரும் அந்தக் கூட்டத்தில்தான் வருவார். எல்லோர் முன்னாலும் தன்னைத் தானே சுவரில் பார்க்க வேண்டுமா அவர்? அவருக்கு அந்த அவமானம் நேரக்கூடாது. எனக்கு வேறு எதுவும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

படத்தைக் கழற்றிவிடச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினேன். என் ஓட்டை வங்காளியில் காரணம் சொல்ல வரவில்லை. சொல்ல வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் சிரித்தார். நோட்டீஸில் அச்சடித்தாயிற்று, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏழு இல்லாவிட்டால் ஜனங்கள் தன்னைத்தான் திட்டுவார்கள் என்றார்.

வேறு வழி தெரியவில்லை. சுவரோரம் போய்ப் படத்துக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். படம் பெரிதில்லை. தலைப்பை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டால் முக்கால்வாசி மறைந்தது.

நாலு மணிக்கு வங்காளிகள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள், எண்ணைப் பார்ப்பார்கள், நான் நகருவேன் என்று காத்திருப்பார்கள். அவர்களுக்கு நகர்ந்து வழிவிட்டேன். அவர்களுக்கு இவர் யாரோ. ஆனால் தெருவில் தமிழ்க் குரல் கேட்டால் உடனே திரும்ப வந்து நின்றுகொள்வேன். டாக்டர் எழுந்து வந்து ஸ்டூல் கொடுத்தார். உட்கார்ந்தால் படம் தெரியும் என்று உட்காரவில்லை. அந்தக் காலத்தில் தினமும் ஆறு மணிக்குக் கரண்ட் போகும், நாங்கள் அரிக்கேனைத் துடைத்துத் தயாராக வைத்திருப்போம். முருகா, இன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் கரண்ட் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான். அன்றைக்கு மட்டும் போகவில்லை. பல்பு பிரகாசமாக எரிந்தது.

ஐந்தரை மணிக்கு மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். பெஹாலாவிலிருந்து வருகிறவள், எங்கள் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சர், படம் அவள் வரைந்தது. நான் மறைத்துக்கொண்டு நிற்பதை டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கோபமாகத்தான் வந்தாள். "மாஷிமா, படம் பிடிக்காவிட்டால் சொல்லுங்கள். மற்றவர்கள் பார்க்க வேண்டாமா?" என்றாள். நாம் மாமி என்கிற மாதிரி அவர்களுக்கு மாஷிமா.

வங்காளியில் எனக்குச் சரியாகச் சொல்ல வந்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். இவர் என் புருஷன் என்றேன்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். அவர் சம்மதம் இல்லாமல் வரையவில்லையாம். பத்து நாள் அவளுக்காக ஆடாமல் உட்கார்ந்திருந்தாராம். தயிர்சாதத்தில் பாதியைத் தினம் அவளுக்குக் கொடுப்பாராம். கம்பெனி கையை விரித்துவிட்டதை அவளிடம் சொன்னாராம். படத்தை வைக்கலாமா என்று கேட்டதற்கு ஒரு வாரம் யோசித்துவிட்டு, எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டாராம். இந்த டிஸ்பென்சரியில் என்றதும் சரி என்றாராம்.

"வீட்டில் சொல்ல வாய் வரவில்லை, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார், மாஷிமா."

டாக்டர் வாசல் அகலமா இருக்கு என்று ஈஸிசேரிலிருந்து அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முதலில் வந்து தனியாகப் பார்க்கட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறார். இருபது வருஷம் கூடவே குடித்தனம் நடத்தினவளிடம் இதைச் சொல்ல அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்திருக்கிறது. நான் அத்தனை பயமுறுத்துகிறவளா? இல்லை, முருகனுக்கு நன்றி சொல்லி நன்றி சொல்லி அவர் வாயை நானே அடைத்துவிட்டேனா?

இதை நினைத்து முடிக்கவில்லை, வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. பஜனைக் கூட்டம். நாமாவளி முணுமுணுத்துக்கொண்டே, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வந்தார்கள். பழையபடி போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். அவர் நான் பார்க்க வேண்டும் என்றுதானே நினைத்தார், இவர்கள் பார்க்க வேண்டும் என்று இல்லையே என்று எனக்குள் ஒரு கணக்கு.

மாடி வீட்டு மாமிதான் முதலில் நுழைந்தாள். "என்னடீ இது, கோலம் போட வந்தவ டாக்டருக்கு கம்பவுண்டராயிட்டியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு எங்கே, ஏழு எங்கே என்று இன்னொருத்தி நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலை சுற்றுகிறது, சுவரில் சாய்ந்து நிற்கிறேன் என்று சொன்னேன். அப்படியானால் வெளியே காற்றாட வா என்று மாமி என் கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல எண்ணத்தில்தான் இழுத்தாள். நான் கையை உதறினேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

இவர் கடைசியாக வாசற்படியில் நின்றிருந்தார். நான் நிற்கிற நிலையைப் பார்த்தார். என் தோளுக்கு மேல் தெரிந்த படத்தின் விளிம்பைப் பார்த்தார். நான் பார்த்தாயிற்று என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. கண்ணாலேயே, போங்கோன்னா, அடுத்த கடைக்குப் போங்கோ என்று சொன்னேன்.

அவர் உள்ளே வந்தார். கூட்டம் வழிவிட்டது.

"நகரு. பாக்கட்டும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் நகர்ந்தேன்.

எல்லோரும் கிட்டே வந்தார்கள். பையைப் பார்த்தார்கள், டிபன் பாத்திரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் இவரைப் பார்க்காமல் இருப்பதற்காகத் திரும்பவும் படத்தையே பார்த்தார்கள். மாமி என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தேவலை. பேங்க் ஆபீஸர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நன்னா வரைஞ்சிருக்கா" என்றார். பிறகு இவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எட்டாம் எண்ணைப் பார்க்கப் போனார். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். டீச்சர்ப் பெண் அலமாரி ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நாங்கள் எட்டாம் எண்ணுக்குப் போகவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தோம். தெருவெல்லாம் ஜனம். சந்தேஷ் கடையில் யாரோ வரைந்த மீன் படத்துக்கு முன்னால் ஒரே சிரிப்பு. அவர் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார். வழக்கமாக அப்படித்தான் நடப்பார். நான் எட்டிப் போய்ப் பக்கத்தில் நடந்தேன்.

எப்போ பார்த்தே என்று கேட்டார். மூணு மணிக்கு என்றேன். அப்போதிலிருந்து அங்கேயே நின்றாயா என்றார். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போனோம். எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அதை இப்போது ஒளிப்பானேன்.

"உனக்குத் தெரியணும்னுதான் அங்க மாட்டச் சம்மதிச்சேன்" என்றார். "மத்தவா பாத்தாலும் பாத்துட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன். வேலை போறது ஊர்ல நடக்காததா. மனசைத் தேத்திண்டுதான் வந்தேன். நீ தலைப்பால மூடிண்டு நிக்கறதைப் பாத்தேனே, அப்பதான் எனக்கு வெக்கமாப் போச்சு."

உங்களுக்காகத்தான் நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதானே சொல்கிறார்.

அதற்குப் பிறகு அவர் பஜனைக்குப் போகவில்லை. லேக் பக்கமும் போகவில்லை. பின்கட்டு அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகலில் அவர் வீட்டில் இருப்பது எனக்குப் பழக இரண்டு மாசம் ஆயிற்று. அந்தப் பெஞ்சிலேயே அவர் உட்கார்ந்திருந்தால் காற்றாவது பட்டிருக்கும் என்று சில நாள் நினைத்தேன், அதையும் வெளியே சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து கரியாஹாட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் எழுதுகிற வேலை கிடைத்தது. போனார், வந்தார். கோபித்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. கடைசி வரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசினதில்லை. எது நடந்தாலும் என்னிடம் முதலில் சொல்லிவிடுவார், பஸ் தாமதம் ஆனதைக்கூட. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல் சொல்வார். நானும் குழம்பைக் கிளறிக்கொண்டே, சரி என்பேன்.