இஸ்மாயில் பாய் பறிக்கவிடாத கொத்தமல்லி

பெரம்பலூரில் விதைக் கடை நடத்திவந்த லெப்பைக்குடிக்காடு முகமது இஸ்மாயில் அவர்கள் செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பால் காலமானார். தொலைபேசியில் உறுதிசெய்தவர் அவருடைய மகன் ஜாகீர். "அத்தா மௌத்தாயிட்டாங்க சார். மல்லிப் பாத்தியை யாரும் தொடக் கூடாதுன்னு நேத்து ராத்திரிகூட சொல்லிட்டு இருந்தாங்க," என்றார்.

வளைகுடாவில் உழைத்துத் திரும்பிக் கடை வைத்தவர் பாய். கொத்தமல்லித் தழையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி விழுந்தால் இலை சுருண்டு பிசுபிசுக்கும். விவசாயிகள் மருந்தடித்து மறுநாளே பறித்து அரியலூர் சந்தைக்கு ஏற்றிவிடுவார்கள். "நான் வித்த மருந்து சார், சட்டினியில போகுது," என்று விவசாயச் செய்தி எழுதும் என்னிடம் புலம்புவார்.

பருத்தி விதையில் மருந்து தடவி விதைக்கிறார்கள். மல்லிக்கும் அப்படிச் செய்தால் தழையில் தெளிக்கவே வேண்டாமே என்று அவருக்குத் தோன்றியது. தம் வயலில் ஒரு பாத்தியில் மருந்து தடவிய விதையும், அடுத்ததில் சாதா விதையும் போட்டார். இரண்டிலும் அசுவினி அப்பியது.

பக்கத்து வயல்காரர் கோவிந்தசாமி விடவில்லை. "பூச்சிக்கு மருந்து வச்சீங்களா பாய், விருந்து வச்சீங்களா?"

ஒரு வாரம் கழித்துக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பாயின் குரல் துள்ளியது. "சாக்கைப் பாத்தேன் சார். ஒரே ரோஸ் கலர். மருந்து பூரா அதுலதான் இருக்கு. பூச்சி சாக்கைத் தின்னாத்தானே சாகும்?"

மல்லி விதையைச் சாக்கில் கொட்டித் தேய்த்து, இரண்டாக உடைத்து விதைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாய் அந்த ரோஸ் நிற மருந்தைத் தடவி உலர்த்திய பிறகு, பழக்க தோஷத்தில் சாக்கில் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

மறுமுறை முதலில் விதையைத் தேய்த்து உடைத்தார். பிறகு கையுறை போட்டு மருந்து கலந்து, நிழலில் உலர்த்தி விதைத்தார். தழை வளர்ந்ததும், "எங்க இருந்தாலும் பஸ்ஸைப் புடிங்க சார்," என்று கூப்பிட்டார். போனேன். சாதா பாத்தியில் இலைக்கு அடியெல்லாம் பூச்சி. பக்கத்துப் பாத்தியில் இலை இலையாகத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. பாய் வரப்பில் நிற்கமாட்டாமல் நடந்துகொண்டிருந்தார். கோவிந்தசாமி ஒரு கொத்தைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனார். பாய் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"வாயில வைக்காதய்யா. பூச்சி செத்துச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. மனுசனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இன்னும் தெரியல."

அன்றே தழையைக் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். சாப்பிடுகிறவருக்குக் கெடுதல் செய்யும் அளவுக்கு இலையில் மருந்து இல்லை என்று தெரியும்வரை, தடவிய விதையை ஒருவருக்கும் விற்பதில்லை என்றார். கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

அடக்கம் முடிந்து வயலுக்குப் போனேன். கோவிந்தசாமி பாத்தியைச் சுற்றி முள் அடைத்துக்கொண்டிருந்தார். "ஆடு மேஞ்சு வச்சுதுன்னா பாய்க்கு யாரு பதில் சொல்றது?" உள்ளே மல்லி வெள்ளையாகப் பூவெடுத்திருந்தது.

நிம்மதியாக உறங்குங்கள் பாய். உங்கள் பாத்தியில் யாரும் கைவைக்கவில்லை. ஆய்வக முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த வாரக் கடைசியில் கிடைக்கும் என்கிறார்கள்.